எங்க வீட்டு மாப்பிள்ளையும் பெரியதனம் எருமையும்

இருங்க தம்பி, இந்த நாற்காலியை ஒரு ஊது ஊதிட்டு உக்கார்றேன். தூசி. ஏசி ரூமுக்குள்ள தூசி வராதுன்னு உங்க காலேஜ்ல சொல்லிக் குடுத்திருப்பாங்க. வரும். எழுதி வெச்சுக்கோங்க.

என்ன பேசணும்? ஏதாவதா? டயலாக் பேப்பரைப் பாத்துப் பேச வேணாமா? ஓ, மைக்குக்கு லெவல் பாக்கணும், வாய்க்கு வந்ததைப் பேசுங்கன்றீங்க. நல்லா கேட்டீங்க போங்க. எங்க வீட்டுல பொறந்ததுலருந்து என்னைப் பேசாதேன்னுதான் சொல்லியிருக்காங்க. பேசுன்னு சொன்ன முதல் ஆள் நீங்க.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்காளே, கமலவேணி, உங்க முதலாளியம்மா, அவ என் தங்கச்சி. காலையிலருந்து எடுத்த டேக் ஒண்ணும் சரியில்லைன்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கா. நான் என்ன செய்யட்டும்? ஒரு மாசமா எங்க மாப்பிள்ளை குரலைப் பழகிட்டு வந்திருக்கேன். தொண்டையை இறுக்கணும், கொஞ்சம் மூக்காலயும் விடணும். கஷ்டமான குரல். இவ என்னடான்னா, "வேணாண்ணா, நீ சும்மா பேசு"ன்றா. சும்மா பேசறதுக்கு நான் எதுக்கு, தெருவுல போறவனைக் கூப்பிட்டா போதாதா?

விஷயம் தெரியுமில்ல உங்களுக்கு? எங்க கார்ட்டூன்ல வர்ற பெரியதனம் எருமைக்கு இத்தனை வருஷம் குரல் குடுத்தவரு எங்க மாப்பிள்ளை பக்தவத்சலம். கமலி வீட்டுக்காரரு. இந்தப் பெரிய படத்துல பாதி பேசி முடிச்சிருந்தாரு. போன ஆடியில போயிட்டாரு. மீதிப் பாதியை யாராவது அதே குரல்ல பேசினாத்தான் படம் வெளிய வரும். அவரு பேசினதை அழிச்சுட்டு முழுசா வேற ஆளை வெச்சுப் பேச கமலி ஒத்துக்க மாட்டேன்னுட்டா. அப்ப இன்னிக்கு நான் சொதப்பினா என்ன ஆகும்? அவரு கடைசியாப் பேசினது வெளிய வராமலே கிடக்கும். அது மட்டும் நடக்கக்கூடாது தம்பி. அதுக்காகத்தான் வந்திருக்கேன். இல்லன்னா இந்த ஆபீஸ் வாசல்படியை மிதிச்சிருக்க மாட்டேன்.

ஏன்னு கேளுங்க. கேக்கலைன்னாலும் சொல்றேன். நீங்க புதுசு, கம்பெனி சரித்திரம் தெரியாம பட்டனைத் திருகிக்கிட்டு இருக்கக்கூடாது.

வாசல்ல போர்டு பாத்தீங்களா? 'ஏகாம்பரம் அண்ட் சன், சித்திரப் படங்கள்.' ஏகாம்பரம் எங்க அப்பா. அந்த சன் நான். தெய்வசிகாமணி. கமலி பேரு போர்டுல இல்ல. அவ வரைவா, அவ்வளவுதான்.

அப்பா சினிமா கொட்டகைங்களுக்கு ஸ்லைடு எழுதினவரு. கண்ணாடித் துண்டுல, 'புகை பிடிக்காதீர்கள்', 'முன் சீட்டில் கால் வைக்காதீர்கள்'. ஊரே அவரு எழுத்தைப் படிச்சுது, ஒருத்தனும் கேக்கல. அப்புறம் ஒரு புரொட்யூசர் வந்து, 'என் கம்பெனிச் சின்னம் மயில், படம் ஆரம்பிக்கும்போது அது ஆடணும்'னாரு. அப்பா ஒத்த ஆளா உக்காந்து கத்தை கத்தையா மயில் வரைஞ்சு, ஒவ்வொண்ணா கேமராவுக்குக் கீழ வெச்சு எடுத்தாரு. மயில் ஆடிச்சு. லேசா நொண்டிச்சு. படமும் நொண்டிச்சு, அதனால யாரும் மயிலைப் பத்திப் பேசல. அதுலருந்து பல்பொடி விளம்பரம், கொசுவத்தி விளம்பரம். தமிழ்நாட்டுல செத்த கொசுவுல பாதி எங்க வீட்டு மொட்டைமாடியில வரைஞ்சதுதான்.

கமலி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கொசுவுக்குக் கலர் அடிக்க உக்காந்துடுவா. எனக்கும் ஒருநாள் அப்பா பிரஷைக் குடுத்தாரு. ஒரு யானை வரைஞ்சேன். அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு, தலைகீழா வெச்சும் பாத்தாரு. "சிகாமணி, நீ நிர்வாகத்தைப் பாருப்பா"ன்னாரு. ஒரே யானையில என் திறமையைக் கண்டுபிடிச்சுட்டாரு பாருங்க.

நிர்வாகம்னா லேசுன்னு நினைக்காதீங்க. வரையறவங்க முதுகுக்குப் பின்னாடி நிக்கணும். 'காது பெருசா இருக்கே'ன்னு சொல்லணும். சின்னதாக்கினா, 'சின்னதாப் போச்சே'ன்னு சொல்லணும். அப்பத்தான் வேலை நடக்கும். நான் வந்து நின்னா போதும், பசங்க அத்தனை பேரும் எழுந்து டீ குடிக்கப் போயிடுவாங்க. அவ்வளவு மரியாதை.

மாப்பிள்ளை வந்த கதையைச் சொல்லணும். மின்வாரியத்துல உத்தியோகம். கமலியைப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு, பஜ்ஜி சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதே, எங்க அப்பா மாதிரி இருமிக் காட்டினாரு. உள்ள இருந்து எங்க அம்மா, "ஏங்க, வெந்நீர் வேணுமா"ன்னு செம்போட வந்துட்டாங்க. அப்பா அப்பவே தட்டை மாத்துன்னுட்டாரு. மிமிக்ரின்னா அப்படி. யாரை ஒரு தடவை பாத்தாலும் அப்படியே பேசுவாரு. என்னை மட்டும் பேசினதே இல்ல. ஒரு தடவை கேட்டேன், "என்ன மாப்பிள்ளை, என்னை மட்டும் விட்டுட்டீங்க"ன்னு. "உங்களைப் பேச முடியுமா மச்சான், அதெல்லாம் பெரிய விஷயம்"னாரு. தன்னடக்கம். தனக்கு எது முடியாதுன்னு தெரிஞ்சவரு.

அப்பா போனப்புறம் கம்ப்யூட்டர் வந்துச்சு. டிவிக்காரங்க குழந்தைங்களுக்கு ஒரு தொடர் கேட்டாங்க. கமலிதான் 'சேத்துக்குளத்துச் செய்திகள்'னு ஆரம்பிச்சா. ஒரு குளம், அதைச் சுத்தி மிருகங்க. நான் அப்பவே சொன்னேன், குளத்தை வெச்சு நீ என்னத்தைப் பெருசா சொல்லிடப் போறேன்னு. பதினோரு மொழியில ஓடுது இப்ப. அது வேற.

இங்க ஒரு வழக்கம் உண்டு தம்பி. எங்க ஆளுங்களுக்கு வெளிய போய் மிருகத்தைப் படம் புடிக்கிறதுக்கெல்லாம் வசதி கிடையாது. அதனால ஆயுத பூஜை அன்னிக்கு, பென்சிலுக்கும் கம்ப்யூட்டருக்கும் பொட்டு வெச்சு, பொரி குடுத்து முடிச்சதும், வீட்டு ஆளுங்க எல்லாரும் மொட்டைமாடியில கேமரா முன்னாடி வந்து நடக்கணும். நடக்கணும், சாப்பிடணும், கோவப்படணும், படி ஏறணும். நடை புடிக்கிறதுன்னு பேரு. அதைப் பாத்துத்தான் கமலி மிருகங்களுக்கு நடை போடுவா. எங்க சித்தி நடைதான் வாத்து. சித்திக்கே தெரியும், ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. என்னை மட்டும் கேசட் கேசட்டா எடுப்பா. பூஜை இல்லாத நாள்லயும் எடுப்பா. நான் சாப்பிடும்போது எடுப்பா, நான் போன்ல பேசும்போது எடுப்பா. எதுக்கும்மான்னா, "சிங்கத்துக்குண்ணா"ன்னா. சரி, சிங்கத்துக்கு வேற யாரை எடுப்பா?

சிங்கம் ஒரே ஒரு கதையிலதான் வந்துச்சு. அதுவும் தூங்குற மாதிரி. பட்ஜெட் இடிச்சிருக்கும்.

இப்ப வரேன் எருமைக்கு. பெரியதனம். நீங்க சின்ன வயசுல பாத்திருப்பீங்க. குளத்துக்கு நடுவுல உக்காந்துக்கிட்டு யாரும் கேக்காத யோசனை சொல்லும். தவளை பாட்டு கத்துக்கிட்டா, தவளைக்குப் பாட்டு சொல்லிக் குடுக்கும். கொக்கு மீன் புடிச்சா, எப்படிப் புடிக்கணும்னு சொல்லி மீனை விரட்டிடும். உக்கார்றதுக்கு முன்னாடி சேத்தை ஊதிட்டுத்தான் உக்காரும். சேத்தை ஊதுது பாருங்க, என்ன அறிவு! எதுக்கெடுத்தாலும், 'எழுதி வெச்சுக்கோங்க'ன்னும். அது சொன்னது எதுவும் நடக்காது. ஆனா கடைசியில எல்லா மிருகமும் அதுகூடத்தான் வந்து உக்காரும். ஏன்னு எனக்குப் புரிஞ்சதே இல்ல.

குழந்தைங்களுக்கு உசுரு. பனியன்ல எருமை, தண்ணி பாட்டில்ல எருமை. எனக்குப் பாத்த முதல் நாளே சந்தேகம். இது யாரையோ வெச்சு வரைஞ்சது. எங்கயோ பாத்த மூஞ்சி. நாலஞ்சு கதை உக்காந்து பாத்தேன். புரிஞ்சு போச்சு. எருமைக்கு மூக்குக்கண்ணாடி. மாப்பிள்ளைக்கும் மூக்குக்கண்ணாடி. எருமை குரல் யாரு? மாப்பிள்ளை. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? கட்டின புருஷனையே எருமையா வரைஞ்சு ஊரைச் சிரிக்க வெச்சிருக்கா!

நானும் கண்ணாடி போட்டிருக்கேனா? தம்பி, இது படிக்கிறதுக்கு.

பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன். சித்தி பேத்தி கல்யாணம். பந்தியில உக்காந்திருக்கோம். சின்னப் பசங்க ஓடி வந்து மாப்பிள்ளையைச் சுத்திக்கிட்டு, "பெரியதனம், பெரியதனம், பேசிக் காட்டுங்க"ன்னு குதிக்குதுங்க. அவரும் வடையைக் கையில வெச்சுக்கிட்டு எருமை மாதிரி பேசறாரு. என்னால தாங்க முடியல. ஒரு வீட்டு மாப்பிள்ளை தம்பி! எங்க வீட்டுப் பொண்ணைக் கட்டினவரு! எச்சில் கையோட எழுந்துட்டேன். "கமலி, நம்ம மாப்பிள்ளையை எருமையாக்கிட்டியே, இது அடுக்குமா"ன்னு கத்திட்டேன். நாதஸ்வரக்காரன் வாசிக்கிறதை நிறுத்திட்டான்.

ஒருத்தராவது எனக்குப் பரிஞ்சு பேசணுமே? எல்லாரும் இலையைப் பாக்கறாங்க. சித்தி அப்பளத்தை ஒடிச்சு ஒடிச்சு வெக்கிறாங்க. கமலி வாயைத் திறந்து, "அண்ணா, அது அவரு இல்ல"ன்னு ஆரம்பிச்சா. மாப்பிள்ளை சட்டுன்னு அவ கையைப் புடிச்சு நிறுத்திட்டாரு. எழுந்து நின்னு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி, "ஆமா மச்சான், நான்தான் அந்த எருமை. எனக்குப் பெருமையாத்தான் இருக்கு. நீங்க உக்காந்து சாப்பிடுங்க"ன்னாரு.

என்ன மனுஷன்! பொண்டாட்டியைக் காப்பாத்தறதுக்காக அத்தனை பேரு முன்னாடி நான்தான் எருமைன்னு ஒத்துக்கிட்டாரு. அன்னியிலருந்து சொந்தக்காரங்க எல்லாருமே அவரைப் பெரியதனம்னுதான் கூப்பிட்டாங்க. சாகற வரைக்கும். சிரிச்சுக்கிட்டேதான் திரும்புவாரு. எனக்குத்தான் வயிறு எரியும்.

கமலிகிட்ட கண்டிப்பா சொன்னேன். எருமையை வெளிநாட்டுக்கு அனுப்பிடு. இல்ல, ஒரு வெள்ளத்துல அடிச்சுக்கிட்டுப் போற மாதிரி எடு. என்னை எதுத்துப் பேசாதவ, அன்னிக்கு மாட்டேன்னா. "அது இல்லாத குளத்துல எனக்கு என்ன வேலை"ன்னா. அப்ப இந்தக் கம்பெனியில எனக்கும் வேலை இல்லைன்னு வெளிய வந்துட்டேன்.

எங்க போனேனா? எங்கயும் போகல. மேல மாடியிலதான் என் வீடு. ஆனா மாடிப்படி ஆபீஸ் வழியா போகுது. மானஸ்தன் அதுல ஏறுவானா? பின்பக்கம் ஒரு இரும்பு ஏணி சாத்தினேன். காய்கறிப் பையோட, கேஸ் சிலிண்டரோட, ஏழு வருஷம் அதுலதான் ஏறி இறங்கினேன். ஜன்னல் வழியா பசங்க பாப்பாங்க. பாக்கட்டும், கொள்கைன்னா என்னன்னு தெரியட்டும். அந்த வருஷம் கமலி ஒரு கதை எடுத்தா. பெரியதனம் கோவிச்சுக்கிட்டு ஏணி வெச்சு மரத்துமேல குடிபோயிடும், இறங்கத் தெரியாது. பயங்கர ஹிட். ஆனா கதையில உண்மையே இல்ல. எங்க மாப்பிள்ளை என்னிக்கு மரம் ஏறினாரு?

அவரு ஏணிதான் ஏறினாரு. தினமும் சாயங்காலம், பிளாஸ்க்ல காபி எடுத்துக்கிட்டு, என்னைப் பாக்க. முட்டி வலி அவருக்கு. "எதுக்கு மாப்பிள்ளை"ன்னா, "உங்ககூட பேசலைன்னா எனக்கு வேலை ஓடாது மச்சான்"பாரு. காபி நல்லா இல்லைன்னு சொல்லிட்டுத்தான் நான் குடிப்பேன், அதைக் கேட்டு ரசிப்பாரு. திடீர்னு கேப்பாரு, "மச்சான், ராக்கெட் விடறவங்களுக்கு நீங்க யோசனை சொல்லணும்னா என்ன சொல்வீங்க?" சொல்வேன். "உங்களை ஒரு வாத்து ஏமாத்திட்டா என்ன பண்ணுவீங்க?" பண்ணிக் காட்டுவேன். என் வாயையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. அடுத்த வாரம் டிவியில பாத்தா எருமை அதையே சொல்லுது. பாவம், சொந்தமா யோசிக்க வரல அவருக்கு. அவருக்கு அவரு மாதிரி பேசறதுக்கே நான் சொல்லிக் குடுக்க வேண்டியிருந்துச்சு.

அந்தச் சாயங்காலம்தான் தம்பி எனக்கு நாளே. காலையிலருந்து அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருப்பேன். வெளிய சொன்னதில்ல.

அப்புறம் நெஞ்சு வலின்னு படுத்துட்டாரு. போயிட்டாரு. கமலி ஏழெட்டு மிமிக்ரிக்காரங்களைக் கூப்பிட்டுப் பாத்தா. ஒருத்தனுக்கும் வரல. போன மாசம் ஏணி ஏறி வந்தா தம்பி. கமலி. புடவையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, மூச்சு வாங்க, ஏறி வந்து என் வாசல்ல உக்காந்துட்டா. "அண்ணா, நீ பேசு. உன்னைத் தவிர யாராலயும் முடியாது"ன்னா. உன் வீட்டுக்காரரு குரல் எனக்கு எப்படிம்மா வரும்னேன். "நீ நீயா பேசுண்ணா, வரும்"னா. அதிர்ச்சியில இருக்கா, ஏதோ உளர்றான்னு நினைச்சுக்கிட்டேன். ஆனா அழுதுட்டா. நான் எல்லாத்தையும் மன்னிச்சுட்டேன். அவ செஞ்ச தப்புக்கு நான் மன்னிக்காம வேற யாரு மன்னிக்கிறது?

லெவல் பாத்துட்டீங்களா? இன்னும் கொஞ்சமா? சரி, ஆஸ்பத்திரிக் கதை ஒண்ணு. இதைக் கேட்டா நீங்க விழுந்து சிரிப்பீங்க.

மாப்பிள்ளை படுத்திருக்காரு, உடம்பெல்லாம் வயரு. டாக்டர் வராரு, சின்னப் பையன். நான் மெஷினைப் பாத்துட்டு, "கோடு ஏறி ஏறி இறங்குதே, நேரா ஓடற மாதிரி சரி பண்ணக்கூடாதா"ன்னு கேட்டேன். டாக்டர் என்னையே பாக்கறாரு. பாத்துட்டு, "சார், நேரா ஓடினா ஆள் இல்லைன்னு அர்த்தம்"னாரு. நான் விடுவேனா? "அப்ப மெஷின்தான் தப்பு, மாத்துங்க"ன்னேன். மாப்பிள்ளை சிரிக்க ஆரம்பிச்சாரு பாருங்க. சிரிச்ச சிரிப்புல மெஷின் கீகீகீன்னு கத்துது. நாலு நர்ஸு ஓடி வராங்க. மெஷின் கத்தறதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு. நான் சிரிக்கிறதைப் பாத்து அவருக்குச் சிரிப்பு. என்னைக் கையைப் புடிச்சு வெளிய தள்றாங்க, நான் கதவுல நின்னு, "எழுதி வெச்சுக்கோங்க, மெஷின்தான்"ன்றேன்... அய்யோ... ஹ ஹ ஹா... அய்யய்யோ... போதும்டா சாமி... வயிறு வலிக்குது... ஹ ஹா... அய்யோ அம்மா...

இருங்க. ஒரு நிமிஷம்.

அதுதான் நான் அவரைக் கடைசியாப் பாத்தது. கதவை மூடிட்டாங்க. எனக்கு அவரு வேணும் தம்பி. எருமையோ கழுதையோ, சாயங்காலமானா எனக்கு அவரு வேணும்.

ம். கண்ணாடியைத் துடைச்சுக்கறேன். இப்ப நான் பேசினதைப் போட்டுப் பாக்கணும்னா போடுங்க. எருமைக்குப் போடற எஃபெக்ட் போட்டா? குரல் கொஞ்சம் கனமா வருமா? போடுங்க, லெவல் சரியான்னு நானே சொல்றேன்.

...

நிறுத்துங்க. நிறுத்துங்க தம்பி. இதை எங்க இருந்து எடுத்தீங்க?

இது மாப்பிள்ளை. இது அவரு சிரிப்பு. 'போதும்டா சாமி'ன்னு மூச்சு வாங்கறாரு பாருங்க, அது அவரேதான். எப்ப பேசினது? படுக்கறதுக்கு முன்னாடியா? இவ்வளவு தெளிவா வெச்சுக்கிட்டா என்னைக் கூப்பிட்டீங்க? என்ன தம்பி, என்ன சொல்ல வர்றீங்க? சொல்லுங்க. ஏன் கமலி உங்களைப் பாத்து வேணாம்னு கையாட்டறா? கண்ணாடியைத் தட்டறா பாருங்க. அழறாளா, சிரிக்கிறாளா அவ?

அம்மாடி கமலி, கேக்குதா? உன் வீட்டுக்காரரு இங்கதான் இருக்காரும்மா. இவரு இருக்கும்போது நான் எதுக்கு? மாப்பிள்ளை பேசும்போது நான் குறுக்க பேசறது முறையில்ல.

தம்பி, என் மைக்கை அணைச்சுடுங்க. இன்னொரு தடவை போடுங்க. நான் ஒண்ணும் பேசல. சும்மா உக்காந்து கேக்கறேன்.